செருப்பைப் பார்த்தாயா?

போன மாசம் என் வர்ம வைத்தியசாலைப் பலகையை இறக்கிவிட்டேன். 41 வருஷமாகத் தக்கலைப் பக்கம் தடவலும் கட்டுமாகக் கிடந்த கை இப்போது நடுங்குகிறது. அதே வாரம் எங்கள் தெருவிலேயே ‘கைரோபிராக்டிக்’ என்று ஒரு கடை. பையன் உள்ளூர்தான். வாசல் டிவியில் கழுத்து முறிக்கிற சத்தம் மைக் வைத்துப் பிடித்த வீடியோவாக ஓடுகிறது. “எண்ணெய் காயுற வரைக்கும் யாரு தாத்தா காத்திருப்பா? எனக்கு முப்பது செகண்டு” என்றான்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சனம் மயங்குகிறது. எலும்பு இடத்தில் உட்காருகிற சத்தம் இல்லை அது. மூட்டு நீரில் காற்றுக் குமிழி உண்டாகிற சத்தம். விரலில் நெட்டி முறித்தாலும் அதேதான்.

1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் ஊரில் பாமர் என்பவர் தொடங்கிய வைத்தியம் இந்தக் கைரோபிராக்டிக். இன்று அங்கே சுமார் நாலு வருஷம் இதையே படித்து, மாநில உரிமமும் வாங்கினால்தான் ஒருவர் முதுகில் கை வைக்கலாம். அப்படிப் படித்தவர்களோடு எனக்கு வழக்கில்லை. இவன் படித்தது இரண்டு நாள்.

என் ஆசான் இரண்டு வருஷம் என்னை ஆளையே தொடவிடவில்லை. திண்ணையில் உட்கார வைத்தார். வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனதும், “வலது குதி எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?” என்பார். தெரியாது என்றால் அன்றைக்குச் சோறு கடைசிப் பந்தியில். வர்மப் புள்ளிகளில் படுவர்மம் பன்னிரண்டும் தொடுவர்மம் தொண்ணூற்றாறும் மனப்பாடமாக ஒப்பித்த எனக்கு அது பெரிய அவமானம். ஒருநாள் ஒரு பாட்டி நடுமுதுகு வலி என்று வந்தாள். ஆசான் வெளியே போயிருந்தார். எண்ணெயை எடுத்துவிட்டேன். திரும்பி வந்தவர் வாசலிலேயே கத்தினார்: “லே மக்கா, கையை எடு!” பாட்டியிடம் மூன்றே கேள்வி. படுத்தாலும் வலிக்கிறதா, சாயங்காலம் காய்ச்சல் வருகிறதா, ரவிக்கை தொளதொளத்துவிட்டதா. மூன்றுக்கும் ஆமாம். அப்போதே நாகர்கோவில் பெரியாஸ்பத்திரிக்கு வண்டி பிடித்துக் கொடுத்தார். முதுகெலும்பில் காசநோய். நான் அழுத்தியிருந்தால் அவள் நடந்து போயிருக்க மாட்டாள்.

எங்கள் ஆட்களும் யோக்கியமில்லை. இறுக்கிக் கட்டி, நகம் நீலம் பூத்ததைப் பார்க்காமல் விட்டு, பிள்ளைகளின் விரலைப் பறிகொடுக்க வைத்தவர்கள் உண்டு. டாக்டர்கள் திட்டுவதில் பாதி நியாயம்தான். மீதிப் பாதிக்கு எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

தொடுவதற்கு முன் கேள்வி கேட்காதவனிடம், எக்ஸ்ரே படத்தைத் தள்ளி வைக்கிறவனிடம், பத்து நடைக்கு முன்பணம் கேட்கிறவனிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். கழுத்தெலும்பின் ஊடேதான் மூளைக்கு ரத்தக்குழாய் ஏறுகிறது. திருகும்போது அது கிழிந்தால் பக்கவாதம். முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்தாலோ, மூத்திரம் கட்டுப்படாமல் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். என் வீட்டுக்கும் வர வேண்டாம்.