பேஸ் கித்தார் வாங்கிய கதை

இம்முறை பாடநூலையும் பயிற்றியையும் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு ஓர் இசைக்கருவியைப் பற்றி எழுத விழைகின்றேன். வீட்டில் பதின்ம வயதுப் பிள்ளை இருக்கும் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும்.

என் மகன் படிவம் நான்கில் பயில்கின்றான். அயர்ன் மெய்டன் என்னும் ஆங்கிலேய ராக் குழுவின்மீது அவனுக்குத் தீராத பற்று. 1975-இல் கிழக்கு லண்டனில் அக்குழுவைத் தோற்றுவித்தவர் ஸ்டீவ் ஹாரிஸ். அவர் வாசிப்பது பேஸ் கித்தார். பெரும்பாலான குழுக்களில் பேஸ் கித்தார் பாட்டுக்கு அடியில் அடங்கிக் கிடக்கும். கேட்பவர் அதைத் தனியே கவனிப்பதில்லை. ஹாரிஸ் வாசிப்பில் அது குதிரைக் குளம்படிபோல் முன்னே பாய்ந்து வரும். 1983-இல் வெளிவந்த ‘தி ட்ரூப்பர்’ பாடலைக் கேட்டால் நான் சொல்வது விளங்கும். ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் உலோகம் உலோகத்தில் மோதுவது போன்ற ஒரு ‘கிளாங்’ ஓசை. அந்த ஓசைதான் என் மகனுக்கு வேண்டும்.

“அம்மா, அவர் பெயர் போட்ட கித்தாரே இருக்கு” என்றான். ஃபெண்டர் நிறுவனம் செய்வது. விலையைக் கேட்டேன், என் ஒரு மாதச் சம்பளம் அப்படியே கரைந்துவிடும். அவன் கையில் இருந்ததோ பள்ளி விடுமுறையில் மளிகைக் கடையில் வேலை செய்தும் தீபாவளி அன்பளிப்பைச் சேர்த்தும் வைத்திருந்த 1,100 ரிங்கிட். மீதிக்கு மாதத் தவணை கட்டலாமா என்று முதலில் கேட்டான். அவன் அப்பா பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து, “தாத்தாவோட ஆர்மோனியம் சும்மாதானே இருக்கு, அதை வித்துடலாமாம்மா?” என்றான்.

என் தந்தையார் தோட்டத்துக் கோயிலில் முப்பது ஆண்டுகள் பஜனைக்கு வாசித்த ஆர்மோனியம் அது. அவர் மறைந்த பின் எங்கள் வீட்டு அலமாரியின் மேல் துணி போர்த்தி இருக்கின்றது. எனக்குக் கோபம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? அந்தப் பிள்ளைக்கு அது தூசி படிந்த ஒரு மரப்பெட்டி. அவன் பிறப்பதற்கு முன்பே தாத்தா போய்விட்டார். நான் உடனே ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. “அந்த ஓசை எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்வோம். பிறகு எதை வாங்குவது, எதை விற்பது என்று பேசலாம்” என்றேன்.

இருவரும் தேடிப் படித்தோம். எனக்குத் தெரிந்த இசை தேவாரமும் பழைய திரைப்பாடலும் மட்டுமே. ஆகவே அவன் ஆசிரியன், நான் மாணவி. அது அவனுக்குப் பிடித்திருந்தது.

ஹாரிஸ் வாசிக்கும் வகைக்கு ஃபெண்டர் பிரிசிஷன் என்று பெயர். 1951-இல் வந்தது. அதற்கு முன் ஆள் உயர வயலின் போன்ற பெரிய பேஸைத்தான் நிறுத்தி வைத்து வாசித்தார்கள்; அதில் மெட்டு கிடையாது. வீணையில் மெட்டு என்கிறோமே, அத்தகைய உலோகப் பட்டைகளைக் கித்தாரின் கழுத்தில் பதித்ததால் விரல் வைத்த இடத்தில் சுரம் பிசகாமல் பேசியது. பெயரில் உள்ள ‘பிரிசிஷன்’ அந்தத் துல்லியத்தைத்தான் குறிக்கின்றது. 1957-இல் தந்தியின் அதிர்வை மின்னாக்கும் பிக்கப்பை இரண்டாகப் பிளந்து அமைத்தார்கள். இன்றுவரை பெரிய மாற்றம் இல்லை. ஆதலால், அதே அமைப்பில் செய்யப்பட்ட மலிவான கித்தாரும் அந்தக் குடும்பத்து ஓசையைத்தான் தரும்.

அடுத்தது தந்தி. இதில்தான் என் மகன் வியந்து போனான். பேஸ் தந்தியின் நடுக்கம்பியைச் சுற்றி இன்னொரு கம்பி சுற்றப்பட்டிருக்கும். சுற்றுக்கம்பி உருண்டையாக இருந்தால் ஓசை கூர்மையாகவும் பளிச்சென்றும் வரும்; தட்டையான நாடாவாக இருந்தால் மழுங்கி, மெத்தென்று வரும். இரும்பு மோதுவது போன்ற ஓசைக்கு உருண்டைத் தந்திதான் வேண்டும் என்று யாரும் நினைப்பார்கள். ஹாரிஸ் பயன்படுத்துவதோ தட்டைத் தந்தி! அதுவும் கனமானது, மிகத் தடித்த தந்தி 0.110 அங்குலம்.

இங்கே ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரைச் சொல்லியாக வேண்டும். 1960களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோடவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு வாசித்தவர். அவரிடம் இருந்ததும் பிரிசிஷன். அவர் மாட்டியிருந்ததும் தட்டைத் தந்தி. ஆனால் அவருடைய ஓசை வெண்ணெய்போல் திரண்டு உருளும். தந்தி அறுந்தாலன்றி மாற்ற மாட்டார். பழைய தந்தியில் ஏறிய அழுக்கும் அவருக்குத் துணை. வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். ஹாரிஸோ நிகழ்ச்சிதோறும் புதுத் தந்தி மாட்டி, விரல்களால் ஓங்கி அடிக்கின்றார். தந்தி மெட்டின்மீது மோதுகின்றது. என் மகன் விரும்பிய அந்த ‘கிளாங்’ அந்த மோதலிலிருந்து பிறப்பதுதான்.

இரண்டு பாடல்களையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டோம். “ரெண்டும் ஒரே கித்தாராம்மா?” என்று அவனே கேட்டான். அப்போதுதான் என் தந்தையாரைப் பற்றிச் சொன்னேன். அதே ஆர்மோனியத்தை என் அண்ணன் வாசித்தால் ஒலி விட்டு விட்டு இருமும். அப்பா வாசித்தால் துருத்தியை அழுத்தும் கையின் சீரில் ஒரே மூச்சாக நீளும். திரைக்கு அப்பாலிருந்து கேட்டாலும் யார் வாசிக்கிறார்கள் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆசிரிய நண்பர்களுக்கு இது புதிதன்று. ஒரே கடையில் வாங்கிய முப்பது பென்சில்களைக் கொண்டு எழுதிய முப்பது கட்டுரைகளில், பெயர் எழுதாத தாள் யாருடையது என்று நாம் பார்த்தவுடன் சொல்லிவிடுகிறோம் அல்லவா?

இன்னொன்றையும் அவன் கண்டுபிடித்தான். ஹாரிஸ் முதலில் முரசு வாசிக்கத்தான் ஆசைப்பட்டாராம், வீட்டில் இடமில்லை. பிறகு வாங்கிய முதல் பேஸ், 40 பவுண்டு கொடுத்து வாங்கிய பிரிசிஷன் நகல். அசல்கூட அன்று. இதை நான் சொல்லியிருந்தால் அறிவுரையாகப் போயிருக்கும். அவனே படித்து, அவனே என்னிடம் காட்டியதால் தவணைப் பேச்சு அன்றோடு நின்றது.

கோலாலம்பூரில் ஒரு பழைய வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் உள்ள கடைக்குச் சென்றோம். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் கடைக்காரச் சீனப் பெரியவர் என்னை “சிக்கு” என்றே அழைத்தார். நான்கு கித்தார்களை மாட்டிப் பார்த்தான். புத்தம் புதிய சிவப்பு ஒன்று கண்ணைப் பறித்தது. ஆனால் கழுத்து கனத்து முன்பக்கம் சாய்ந்தது. அழகைப் பார்த்து வாங்க எண்ணும் பெற்றோர் பிள்ளையின் தோளில் வாரை மாட்டிப் பத்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். இறுதியில், விளிம்பில் பூச்சு உதிர்ந்த, கைமாறிய பிரிசிஷன் வகை ஒன்றை 750 ரிங்கிட்டுக்குப் பேசி முடித்தோம். மீதிப் பணத்தில் தட்டைத் தந்தி ஒரு தொகுதி. பெரியவர் அதை மாட்டி, தந்திகளை மெட்டுக்கு நெருக்கமாகத் தாழ்த்தியும் கொடுத்தார். அதற்குத் தனிக்கூலி வாங்கவில்லை.

முதல் மாதம் விரல் நுனிகளில் கொப்புளம். குதிரை ஓடவில்லை, நொண்டியது. இரண்டு நிமிடத்தில் கை சோர்ந்துவிடும். வெறுத்துப்போய் ஒரு வாரம் தொடாமலும் இருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. பிறகு மீண்டும் எடுத்தான். மெதுவாக, கைப்பேசியில் தாளத்தைப் பாதி வேகத்துக்குக் குறைத்து வைத்துக்கொண்டு. நான்காம் மாதம் ஒரு மாலை, சமையலறையில் இருந்த எனக்கு அந்த ‘கிளாங்’ கேட்டது. இரண்டே இரண்டு சுரங்களில்தான்.

ஆர்மோனியம் அலமாரியின் மேலேயே இருக்கின்றது. சென்ற வாரம் அதை இறக்கித் துணியை விலக்கி, தாத்தா எந்தக் கையால் துருத்தியை அழுத்துவார் என்று கேட்டான். இடக்கை என்றேன். சிறிது நேரம் அழுத்திப் பார்த்துவிட்டு, “இதுவும் கஷ்டம்தாம்மா” என்றான்.

இப்போது ஒலிபெருக்கி ஒன்றுக்குக் காசு சேர்க்கின்றான். அதற்குள் எஸ்.பி.எம். வந்துவிடும் என்று அவன் அப்பா நாட்காட்டியைக் காட்டிக்கொண்டிருக்கின்றார்.