அப்பாவும் அந்த 528-ம்

சென்னை ரிச்சி தெருவுக்குள் நுழைந்தால் பர்ஸ் இளைக்காமல் வெளியே வர முடியாது. அதுவும் 1996-ல் அப்பா ஆபீஸில் கடன் போட்டு, பழைய 486 கம்ப்யூட்டருக்கு 850 எம்.பி. ஹார்ட் டிஸ்க் வாங்கியது அங்கேதான். எனக்கு அப்போது நாலாம் கிளாஸ்.

வீட்டில் மாட்டினால் 528-க்கு மேல் காட்ட மாட்டேன் என்றது. ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "ஏமாந்துட்டேனோ?"

மறுநாள் சண்டைக்குப் போனோம். கடைக்காரர் டீ சொல்லிவிட்டு, "சார், பயாஸ் ஒரு கணக்குப்பிள்ளை, டிஸ்க் இன்னொரு கணக்குப்பிள்ளை. ரெண்டு லெட்ஜர்ல எந்தக் கட்டம் சின்னதோ, அதான் செல்லும்" என்றார். பில்லின் பின்பக்கம் எழுதினார்: சிலிண்டர் 1024, ஹெட் 16, செக்டர் 63, செக்டருக்கு 512 பைட்.

அப்பா கையாலேயே பெருக்கினார். 52,84,82,304. பைசா சுத்தம்!

"டிஸ்க் முழுசுதான் சார். உங்க மெஷினுக்குத்தான் அதுக்கு மேல எண்ணத் தெரியலை" என்று ஒரு ஃப்ளாப்பி தந்தார். அதிலிருந்த மென்பொருள், பூட் ஆகும்போதே உட்கார்ந்து மீதியையும் எண்ணிக் கொடுத்தது. அன்று ராத்திரி அப்பா ரெண்டு தடவை ரசம் கேட்டார்.

இன்று அதே தெருவில் விரல் நகம் சைஸில் 128 ஜி.பி. கார்டு விற்கிறார்கள். நான் பி.காம். படித்ததற்குக் காரணம், அந்த பில்லின் பின்பக்கம்தான்!