தந்தையாரின் பேனா

கொல்லிமலையின் அடிவாரத்தில் காரவள்ளி என்னும் சிற்றூர் உளது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாக மலைக்குச் செல்வோர் அவ்வூரைக் கடந்தே ஏறுதல் வேண்டும். அங்கிருந்து மேலே செல்லும் பாதையில் கொண்டையூசி போல் வளைந்த திருப்பங்கள் 70 உள்ளன.

ஒருநாள் காலை அவ்வூர்த் தேநீர்க் கடையில் தேநீர் பருகிவிட்டுப் பேருந்துக்காகக் காத்திருந்தேன். அருகில் இருந்த இளைஞன் ஒருவன் கல்லூரி விண்ணப்பம் ஒன்றை மடிமேல் விரித்து, "ஐயா, பேனா இருந்தால் சற்றுத் தருவீர்களா?" என்று கேட்டான். என் சட்டைப்பையில் இருந்தது என் தந்தையார் முப்பது ஆண்டுகள் எழுதிய மைப்பேனா. அவர் மறைந்தபின், அவருடைய உடைமைகளுள் நான் கேட்டுப் பெற்றது அஃது ஒன்றே. கொடுத்தேன். அதற்குள் பேருந்து வந்தது, கூட்டம் நெருக்கியது, நானும் ஏறி அமர்ந்தேன். மூன்றாம் திருப்பத்தில் என் கை வழக்கம்போல் சட்டைப்பையைத் தடவியது. பை வெறுமையாக இருந்தது.

அதன்பின் என் மனம் பட்ட பாட்டைச் சொல்ல நாணுகிறேன். முதலில் அவ்விளைஞனைக் கள்வன் என்றது. பத்தாம் திருப்பத்துக்குள் வண்டியை விரைந்து செலுத்திய ஓட்டுநரைக் குறை கூறியது. பிறகு என்னையே வைதது. வெளியே காடு பசுமையாய் விரிந்து கிடந்தது. நான் அதனைக் காணவில்லை.

அந்நிலையில் எனக்குத் தியாகனூர் நினைவு வந்தது. சேலம் மாவட்டத்து ஆத்தூரை அடுத்த அவ்வூரில், கருங்கல்லில் வடித்த பெரிய புத்தர் சிலைகள் இரண்டு உள்ளன. மடியின்மேல் விரிந்து கிடக்கும் அக்கைகளில் ஒன்றுமே இல்லை!

துன்பம் தோன்றும் முறையைப் புத்தர் 12 சார்புகளாக விளக்கினார். தமிழில் மணிமேகலையும் அவற்றை எடுத்துரைக்கிறது. நுகர்ச்சியால் வேட்கை எழும். வேட்கையால் பற்று உண்டாகும். ஆற்றைக் கடந்தவன், தனக்கு உதவிய தெப்பத்தைத் தலையில் சுமந்து நடத்தல் தகுமோ என்றும் அவர் வினவினார். தம் அறவுரையையே அத்தெப்பத்துக்கு அவர் ஒப்பிட்டார். அறவுரைக்கே அந்நிலை எனின், பேனா எம்மாத்திரம்!

இவ்வாறு எண்ணியவுடன் மனம் அடங்கியது என்று எழுதினால் அது பொய்யாகும். 'இதோ சினம் எழுகிறது. இதோ ஏக்கம் எழுகிறது' என்று அயலான்போல் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் இயன்றது அவ்வளவே. நாற்பது திருப்பங்கள் கடந்தபின் ஒன்று புலனாயிற்று. தந்தையாரிடம் நான் கொண்ட அன்பு பேனாவோடு போய்விடவில்லை. பற்றை விடுதலும் அன்பை விடுதலும் ஒன்றே என்று அதுநாள்வரை எண்ணி, அவ்வறத்தையே சற்று அஞ்சியிருந்தேன். மரங்களைச் சுற்றிப் படர்ந்த மிளகுக்கொடிகள் அப்போதுதான் என் கண்ணிற்பட்டன.

மறுநாள் மாலை, திரும்பும் பேருந்து காரவள்ளியில் நின்றது. தேநீர்க் கடை அம்மையார் என்னைக் கண்டு சன்னல் அருகே விரைந்து வந்தார். "அந்தத் தம்பி பேருந்துக்குப் பின்னாலேயே ஓடினான், ஐயா. பிடிக்க முடியவில்லை. எப்படியும் இவ்வழியேதானே திரும்புவீர்கள் என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான்" என்று சொல்லி, தாளில் சுற்றிய பேனாவை நீட்டினார். அவனையன்றோ நான் கள்வன் என்றேன்! அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

பேருந்து புறப்பட்டது. அருகிருந்த முதியவர் ஏதோ கணக்குக் குறித்துக்கொள்ளப் பேனா கேட்டார். என் கை ஒரு கணம் தயங்கிற்று. பின்பு கொடுத்தேன். அவர் எழுதி முடித்து மூடியைத் திருகும்வரை, என் கண்கள் அவருடைய விரல்களை விட்டு அகலவில்லை.