நேரத்தை நீட்டினால் வேலை கூடுமா?

ஊழியர்களின் உற்பத்தித்திறனைக் கூட்டுவது என்றதும் பல நிர்வாகங்கள் முதலில் கைவைப்பது வேலை நேரத்தில்தான். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதாவை நிறைவேற்றியது. கடும் எதிர்ப்புக்குப் பின் அரசு அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் நேரத்தை நீட்டினால் வேலை கூடும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அது தவறு என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் தொழிலாளர்கள், அவர்களில் பெண்களே மிகுதி, வாரம் 70 மணி நேரம் வரைகூட உழைத்தார்கள். அந்த ஆலைகளின் பதிவேடுகளை நூறாண்டு கழித்து ஆராய்ந்தார் ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்கவெல். 70 மணி நேரத்தில் செய்ததும் 56 மணி நேரத்தில் செய்ததும் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்று கண்டார். மிச்ச 14 மணி நேர உழைப்பும் அந்தப் பெண்களின் உடம்பிலிருந்து வீணாக உறிஞ்சப்பட்டது.

இயந்திரம் நிற்கக் கூடாதே என்பார்கள். நிற்க வேண்டாம், எட்டு மணி நேர ஷிஃப்ட் மூன்று போட்டால் நாள் முழுக்க ஓடும். கூடுதல் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், உண்மைதான். ஆனால் களைத்த கை கெடுக்கும் சரக்கு, விபத்து, வேலையை விட்டுப் போனவர் இடத்தில் புதியவரைப் பழக்கும் செலவு, இதெல்லாம் எந்தக் கணக்கில் ஏறுகிறது? ஐடி வேலைக்கு இது பொருந்தாது என்றும் சொல்வார்கள். அங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்தும்: நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் எழுதிய நாலு வரி நிரலில் பிழை தேடவே மறுநாள் பாதி போய்விடும்.