காவடிப் புழுவின் வாலில் ஒரு கூடு

திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற தண்டவாள ஓரத்தில் ஆமணக்கு மண்டிக் கிடக்கும். யாரும் விதைத்ததில்லை. சரளைக் கல்லுக்கு நடுவே தானாக முளைத்து ஆள் உயரம் நிற்கும். போன ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு காலை, இலையடியில் காவடிப் புழு ஒன்றைப் பார்த்தேன். முதுகைக் காவடி போல வளைத்து வளைத்து நடக்கிற புழு, அன்று அசையவில்லை. வால் பக்கம் அரிசி அளவில் ஒரு கூடு ஒட்டியிருந்தது.

மைக்ரோப்ளைடிஸ் என்ற குளவியின் வேலை அது. எறும்பளவுதான் இருக்கும். இளம் புழுவின் உடம்பில் முட்டையைச் செலுத்திவிட்டுப் போய்விடும். ஆனால் புழுவின் ரத்தம் சும்மா விடாது. அணுக்கள் திரண்டு வந்து முட்டைமேல் அடுக்கடுக்காக ஒட்டி அதைக் கொன்றுவிடும். 1981-ல் ஆய்வாளர்கள் வேறொரு ஒட்டுண்ணிக் குளவியின் முட்டைகளைக் கழுவிப் புழுவுக்குள் வைத்தார்கள்; அணுக்கள் மூடிவிட்டன. குளவியின் சினைப்பையிலிருந்து எடுத்த வைரஸையும் சேர்த்து வைத்தபோது முட்டைகள் பிழைத்தன.

மைக்ரோப்ளைடிஸிடமும் இப்படி ஒரு வைரஸ் உண்டு. அது புழுவுக்குள் பெருகுவதே இல்லை. குளவியின் சினைப்பையில் மட்டுமே உருவாகிறது. அதன் மரபணுக்கள் குளவியின் குரோமோசோமிலேயே கலந்து, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குப் போகின்றன. விரைவுச் சாலையில் விடிய விடிய நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். குளவி சரக்கேற்றி சீல் வைத்து அனுப்பும் பெட்டியாகத்தான் எனக்கு அது தெரிகிறது. புழுவின் ரத்த அணுவுக்குள் சரக்கு இறங்கியதும் அந்த அணுவின் கை கட்டப்பட்டுவிடுகிறது. பெட்டி செய்யும் வித்தை மட்டும் பெட்டிக்குள் கிடையாது. அது குளவியிடமே இருக்கிறது.

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நூடிவைரஸ் ஒன்று ஆதிக் குளவியைத் தொற்றி, அப்படியே வீட்டோடு தங்கிவிட்டது. 2009-ல்தான் இந்தப் பூர்வீகம் துலங்கியது. இதை இன்னும் கிருமி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கொடுக்கைப் போல இதுவும் குளவியின் உறுப்புதான்.

சாம்பலும் எண்ணெயும் படிந்த ஊர் என்றே எங்களைப் பற்றி எழுதுகிறார்கள். பொய்யில்லை. அதே மண்ணில், களை என்று வெட்டிப் போடுகிற செடியில், இத்தனை பழைய உறவு உயிரோடு இருப்பதைப் பார்த்து நெஞ்சு நிறைந்து நின்றேன்.

அடுத்த வாரம் போனபோது புழு காய்ந்து இலையோடு ஒட்டியிருந்தது. கூட்டின் மூடி வட்டமாக அறுபட்டுத் திறந்திருந்தது. மேலே தளிரில் நூல் போன்ற குட்டிப் புழுக்கள் இலையைச் சுரண்டத் தொடங்கியிருந்தன.