கட்டத்துக்குள் அடங்குமா குணம்?



சிதம்பரத்தில் வசிக்கும் என் அக்கா வீட்டிற்கு மாதம் ஒருமுறையேனும் சென்று வருவது என் வழக்கம். வியாழன் மாலை மதரஸா முடிந்ததும் கடலூர் துறைமுகம் சந்திப்பில் ரயிலேறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து சிதம்பரம் போய்ச் சேரலாம். வெள்ளி விடுமுறையை அங்கே கழித்துத் திரும்புவேன்.

அவ்வாறு சென்ற ஓர் இரவு, மாடியறையில் அக்கா மகனும் அவனுடைய கல்லூரித் தோழர்கள் நால்வரும் வட்டமாய் அமர்ந்திருந்தனர். நடுவில் தாள்கள், பென்சில்கள், இருபது முகங்கள் கொண்ட விந்தையான பகடைக் காய் ஒன்று. பகடையைக் கண்டதும் என் முகம் மாறியிருக்க வேண்டும். “பந்தயம் எதுவும் இல்லை மாமா, கதைதான் சொல்லிக்கொள்கிறோம்” என்று அவன் முந்திக்கொண்டான். ‘நர்த்’ எனும் பகடையாட்டத்தைக் கண்டித்து ஸஹீஹ் முஸ்லிமில் வந்துள்ள நபிமொழியையும், பந்தயம் இல்லாவிடினும் அது கூடாது என்றே அறிஞர்களில் பெரும்பான்மையோர் கூறியதையும் அவனிடம் எடுத்துச் சொன்னேன். அது தனிக் கட்டுரைக்குரிய பொருள், இங்கே விரிக்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று.

ஒவ்வொருவர் கையிலிருந்த தாளிலும் ஒரு பாத்திரத்தின் பெயர், வலிமை, அறிவு எல்லாம் எண்களாக எழுதப்பட்டிருந்தன. அவற்றோடு குணத்திற்கும் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்தப் பாத்திரம் நல்லதா, கெட்டதா, ஒழுங்குக்குக் கட்டுப்பட்டதா, கட்டுப்படாததா என்று ஆட்டம் தொடங்குமுன்பே எழுதிவிட வேண்டுமாம்.

இந்த விளையாட்டின் பெயர் ‘டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 1974-இல் வெளியிட்டது. தொடக்கத்தில் மூன்றே பிரிவுகள்: ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை. போல் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் போன்றோரின் கற்பனைக் கதைகளிலிருந்து எடுத்துக்கொண்ட பகுப்பு அது. ஒழுங்குள்ளவன் எல்லாம் நல்லவனா என்ற கேள்வி எழவே, 1976-இல் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதி, நன்மை தீமையைத் தனிக் கோடாகப் பிரித்தார். இரு கோடுகளும் குறுக்கும் நெடுக்குமாய் வெட்டி, 1978-ஆம் ஆண்டின் விதிநூலில் ஒன்பது கட்டங்களாயின.

ஒன்பது கட்டங்களுக்குள் மனித குலம் முழுவதும் அடங்கிவிடும் என்பது எத்துணை வசதி! நான் அஞ்சல் வழியில் தமிழ் இலக்கியம் பயின்று பட்டம் பெற்றவன். சும்மா இருக்க முடியாமல், “கம்பனின் கும்பகர்ணனை எந்தக் கட்டத்தில் வைப்பீர்கள்?” என்று கேட்டேன். அண்ணன் செய்தது தவறு என்று அவைநடுவே இடித்துரைத்தவன் அவன். பின்னர் அதே அண்ணனுக்காகச் செஞ்சோற்றுக் கடன் தீர்க்கப் போருக்குச் சென்று மாண்டான். ஒருவன் ‘ஒழுங்கும் தீமையும்’ என்றான். மற்றொருவன் ‘ஒழுங்கும் நடுநிலையும்’ என்று மறுத்தான். அப்படியானால் அண்ணனை விட்டுப் பிரிந்து சென்ற வீடணன் ஒழுங்கற்றவனா என்று மூன்றாமவன் கிளப்பினான். அரைமணி நேரம் ஆட்டம் நின்றுபோயிற்று. அக்கா மாடிக்கு வந்து, “தம்பி, பிள்ளைகளைக் கெடுக்காதே, சாப்பிட வா” என்றழைத்த பிறகே விவாதம் ஓய்ந்தது.

உணவு முடிந்தபின் மருமகன் அந்த விளையாட்டின் பழைய விதிகள் சிலவற்றைச் சொன்னான். ‘பாலடின்’ என்றொரு வீரன் உண்டு. அவன் ஒழுங்கும் நன்மையும் உள்ள கட்டத்தில்தான் இருந்தாக வேண்டும். ஒழுங்கு மீறினால் ஒரு மதகுருவிடம் ஒப்புக்கொண்டு பரிகாரம் தேடலாம். ஆனால், அறிந்தே ஒரு தீமையைச் செய்துவிட்டாலோ அந்தத் தகுதி அக்கணமே போய்விடும், மீளவே மீளாது. 1979-இல் வந்த நூலின்படி, ஆட்டத்தை நடத்துபவர் ஒவ்வொருவரின் நடத்தையையும் கவனித்து ஒரு வரைபடத்தில் குறித்து வருவார். கட்டம் மாறிவிட்டதாக அவர் கண்டால், அந்த ஆட்டக்காரர் அரும்பாடுபட்டு ஏறிய படிகளில் ஒன்றை இழப்பார்.

“யார் எந்தக் கட்டம் என்று குறித்து வைப்பவர் தவறாகக் குறித்துவிட்டால்?” என்று கேட்டேன்.

“அவர் சொல்வதுதான் முடிவு மாமா” என்றான்.

அந்தச் சொல் என்னை உறங்கவிடவில்லை. காரணம், நானும் ஒரு கட்டம் போட்டவன்.

எங்கள் மதரஸாவின் சுவரில் ஓர் அட்டையை மாட்டி வைத்திருந்தேன். வலப்புறம் ‘நற்குணச் செல்வர்கள்’, இடப்புறம் ‘கவனிக்கப்பட வேண்டியவர்கள்’. பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும் என்றே எண்ணினேன். இடப்புறத்தில் நெடுநாள் நிலைத்திருந்தது ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவனின் பெயர். தாமதமாக வருவான், ஓதும்போது ஜன்னலைப் பார்ப்பான், கேள்வி கேட்டால் கேள்வியே திரும்பி வரும். ஒருநாள் மாலை ஒளூச் செய்யும் குழாயை யாரோ திறந்துவிட்டுச் சென்றதால் தொட்டி முழுதும் வடிந்து, ஃபஜ்ருத் தொழுகைக்கு வந்தவர்கள் சொட்டு நீரின்றித் தவித்தனர். பெரியவர்கள் என்னைக் கேட்டனர். நான் யாரையும் விசாரிக்கவில்லை. அட்டையின் இடப்பக்கத்தைப் பார்த்தேன், முடிவு செய்தேன். அவன் இல்லையென்று சொன்னதைக் காதில் வாங்காமல், ஒரு வாரம் வர வேண்டாம் என்று அனுப்பினேன். ஒரு வாரம் கழிந்தும் அவன் வரவில்லை. ஒரு மாதமும் கழிந்தது.

பிறகு ஒருநாள், வலப்பக்கத்தின் முதல் பெயருக்குரிய மாணவன் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். குழாயைத் திறந்துவிட்டு மறந்தவன் அவன்தான். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். “என் பேரு அந்தப் பக்கம் போயிடும்னு பயந்தேன் ஹஜ்ரத்” என்றான்.

வாசகர்களே, நான் எழுதிய அட்டை ஒரு சிறுவனைக் குற்றவாளியாக்கியது, இன்னொருவனைப் பொய்யனாக்கியது. அட்டையை அன்றே கழற்றிவிட்டேன். ஆனால், அனுப்பப்பட்டவன் வீட்டிற்குச் செல்ல எனக்கு மனம் வரவில்லை. உஸ்தாத் மாணவனிடம் மன்னிப்புக் கேட்பதா என்ற எண்ணம்தான். வேறென்ன சொல்ல?

சிதம்பரத்து இரவில் படுத்தபடியே வேறொரு பலகை நினைவிற்கு வந்தது. சிறுவயதில் கடலூரில் எங்கள் அண்டை வீட்டார் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காகப் பரமபதம் ஆடுவர். உம்மா அனுமதி தந்தால் அவர்கள் திண்ணையோரம் நின்று வேடிக்கை பார்ப்பேன். நற்பண்புகளில் ஏணி; தீய பண்புகளில் பாம்பு. சமணர்கள் 84 கட்டங்களில் வைத்திருந்தனர். வைணவர்களிடம் 72 கட்டங்கள் கொண்டதும் இருந்தது. நம் சூஃபியாக்களிடமும் 100 கட்டங்களில் ‘ஷத்ரஞ்சுல் ஆரிஃபீன்’, அதாவது ஞானியரின் சதுரங்கம், வழங்கியது. இப்னு அரபி (ரஹ்) அமைத்தது என்று வழக்கில் சொல்வர், உறுதியில்லை. அதற்கு டமாஸ்கஸில் வாழ்ந்து 1961-இல் மறைந்த முஹம்மது அல்ஹாஷிமி விளக்கவுரை எழுதினார். இதே ஆட்டம்தான் 1892 அளவில் இங்கிலாந்திற்குச் சென்று, வெறும் பாம்பும் ஏணியுமாகத் திரும்பி வந்தது.

இந்தப் பலகைகளில் நன்மையும் தீமையும் கட்டங்களில் எழுதப்பட்டிருக்கின்றன. காயின் நெற்றியில் அல்ல. பாம்பின் வாயில் விழுந்த காய் அடுத்த உருட்டலில் ஏணி ஏறலாம். உச்சிக்கு அருகில் நிற்கும் காய்க்கும் பாம்பு உண்டு. சுவனவாசிகளின் செயலையே செய்துவந்தவர் ஒரு முழத் தொலைவில் தவறிவிடுவதும், நரகவாசிகளின் செயலைச் செய்துவந்தவர் அதே ஒரு முழத்தில் மீண்டுவிடுவதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளதை நான் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடமாகச் சொல்கிறேன். வாளேந்திப் புறப்பட்ட உமர் (ரலி) அவர்களை அன்று எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்கள்? குணம் மாறாதென்போரை மறுத்து இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதும்போது, மாறாதெனில் அறிவுரைக்கே பொருளில்லை, விலங்கும் பழக்கினால் பழகுகிறதே என்கிறார். குர்ஆனும் நஃப்ஸைத் தீமைக்குத் தூண்டுவது, தன்னைத்தானே பழிப்பது, அமைதியடைந்தது என மூவகையாகச் சொல்கிறது. ஒரே மனிதன் இம்மூன்று நிலைகளிலும் இருந்து கடக்கக் கூடும் என்றுதான் என் ஆசிரியர்கள் எனக்குக் கற்பித்தனர்.

காலையில் மருமகன் இன்னொரு செய்தி சொன்னான். அவ்விளையாட்டில் ‘ஆர்க்’ என்றோர் இனம். பிறப்பிலேயே தீயவர்கள் என்று பல்லாண்டுகள் எழுதி வந்தனராம். 2020-இல் அதன் வெளியீட்டாளர்களே அவ்வாறு எழுதுவது சரியல்ல என அறிவித்தனர். 2008 பதிப்பிலேயே பாலடினுக்கு ஒரே கட்டம்தான் என்ற விதி போய்விட்டது. கேட்டுக்கொண்டிருந்த அக்கா, “நம்மையும் சிலர் அப்படித்தானே எழுதி வைத்திருக்கிறார்கள்” என்றார். இரண்டாண்டுகளுக்கு முன் வாடகைக்கு வீடு தேடியபோது, பெயரைச் சொன்னதும் “இப்போதுதான் பேசி முடிந்தது” என்று கேட்டுக் கேட்டுத் திரும்பியவர் அவர். எனக்குப் பதில் சொல்ல நா எழவில்லை. பிறர் நம்மைக் கட்டத்தில் வைக்கும்போது வலிக்கிறது. நாம் வைக்கும்போது கை வலிப்பதில்லை.

அன்று ஜும்ஆ முடிந்ததும் முதல் பேருந்தில் கடலூர் திரும்பி, நேரே அச்சிறுவன் வீட்டிற்குச் சென்றேன். அவன் தாயார் பதறி நாற்காலி எடுத்துப் போட்டார். அவன் கதவோரம் நின்றான்.

“தவறு என்னுடையது, தம்பி. என்னை மன்னித்துவிடு” என்றேன்.

“நான் அன்னிக்குக் குழாய்ப் பக்கமே போகல ஹஜ்ரத்.”

“இப்போது தெரியும்.”

“அப்பவே சொன்னேனே.”

அவன் தாயார் அவனை அதட்டினார். நான் வேண்டாமென்று கையமர்த்தினேன்.

அடுத்த நாள் மாலை மதரஸாவிற்கு வந்தான். வழக்கம்போல் பத்து நிமிடம் தாமதமாகத்தான். யாஸீன் சூராவில் தான் விட்ட ஆயத் எதுவென்று அவனுக்கு நினைவிருந்தது. நான்தான் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.