வெறுங்கையோடு திரும்பிய மார்பரி

1803ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24ஆம் நாள், அமெரிக்காவின் புதிய தலைநகராகிய வாசிங்டனில், ஒரு விடுதியின் கூடத்தில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் கூடியது. நாட்டின் தலையாய நீதிமன்றம் விடுதியில் கூடுவானேன் என்னும் ஐயம் எழுவது இயல்பே. 1800இல் தலைநகர் அவ்விடத்திற்கு மாறியபோது அதிபருக்கு ஒரு மாளிகையும் நாடாளுமன்றமாகிய காங்கிரசுக்கு ஒரு மன்றமும் எழுந்தன. நீதிமன்றத்திற்கு இடம் வேண்டும் என்பது எவர் நினைவுக்கும் வரவில்லை. காங்கிரசுக் கட்டடத்தில் ஒரு குழு அறையை இரவலாகக் கொடுத்தனர். நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சேஸ் நோயுற்றிருந்தமையால், அந்த அறையையும் விட்டு, நீதிபதிகள் தங்கியிருந்த விடுதிக்கே மன்றம் பெயர்ந்தது. உச்ச நீதிமன்றத்திற்குச் சொந்தக் கட்டடம் வாய்த்தது 1935இல்தான்.

இருக்க இடமற்ற இந்த மன்றமே, மக்களின் பேராளர்கள் இயற்றிய சட்டம் ஒன்றின் பகுதியைச் செல்லாது என்று அன்று அறிவித்தது. நீதிமுறை மறுஆய்வு என இன்று உலக நாடுகள் பலவற்றில் வழங்கும் அதிகாரம் அந்த விடுதிக் கூடத்தில் நிலைபெற்றது. அதற்குக் காரணமான வழக்கோ, உரியவர் கைக்குப் போய்ச் சேராத ஒரு நியமனப் பத்திரத்தைப் பற்றியது.

1800ஆம் ஆண்டுத் தேர்தலில் அதிபர் ஜான் ஆடம்ஸ் தோல்வியுற்றார். வெற்றி பெற்ற தாமஸ் ஜெபர்சன் பதவியேற்கும் நாள் 1801 மார்ச்சு 4. இடைப்பட்ட நாள்களில், ஆடம்சின் கூட்டாட்சிக் கட்சியினர் புதிய நீதிபதிப் பதவிகளை உண்டாக்கித் தம்மவரைக் கொண்டு நிரப்பினர். தலைநகர் வட்டாரத்திற்கு மட்டும் 42 சமாதான நீதிபதிகள் அமர்த்தப்பட்டனர். மார்ச்சு 3ஆம் நாள் செனட் சபை இசைவு தந்தது, ஆடம்ஸ் ஒப்பமிட்டார். அரசு முத்திரையைப் பதித்துப் பத்திரங்களை உரியவர்களிடம் சேர்ப்பிப்பது வெளியுறவுச் செயலாளரின் கடமை. முத்திரை பதிந்தது, சேர்ப்பிக்கும் வேலைதான் முடியவில்லை. செயலாளரின் தம்பி ஜேம்ஸ் சில பத்திரங்களை எடுத்துச் செல்ல முயன்று, எல்லாவற்றையும் கொண்டு போக இயலாமல், சிலவற்றைத் திருப்பி வைத்துவிட்டார். மறுநாள் ஆட்சி மாறியது. எஞ்சிய பத்திரங்களைக் கொடுக்க வேண்டா என்று ஜெபர்சன் கட்டளையிட்டார். அவ்வாறு நின்றுபோனவற்றுள் ஒன்று வில்லியம் மார்பரி என்பாருடையது.

அந்த வெளியுறவுச் செயலாளர் யார்? அவரே ஜான் மார்சல். பிப்ரவரி 4ஆம் நாளிலேயே தலைமை நீதிபதியாக உறுதிமொழி எடுத்துக்கொண்டு, பழைய பதவியையும் ஆட்சி முடியும்வரை கவனித்து வந்தவர். மார்பரியும் வேறு மூவரும் 1801 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தை நாடி, பத்திரங்களைக் கொடுக்குமாறு புதிய செயலாளர் ஜேம்ஸ் மாடிசனுக்கு ஆணையிட வேண்டினர். ஆகவே, பத்திரத்தை விட்டுச் சென்றவரே அதைப் பற்றிய வழக்கின் நீதிபதியும் ஆனார்! நடந்ததைக் கூறும் சான்றாக மன்றத்தில் வந்ததோ, அவர் தம்பியின் உறுதிமொழிப் பத்திரம். ஆறு நாள் கழித்துத் தீர்ப்பான வேறொரு வழக்கில், கீழ்நிலையில் தாம் விசாரித்த வழக்கு என்பதற்காக விலகி நின்ற மார்சல், இதில் விலகவில்லை. அவர் புகழ் பாடுவோர் பலர் இதனைச் சொல்லாமலே கடந்துவிடுகின்றனர், அது நேர்மையன்று.

ஜெபர்சன் கட்சியினரின் காங்கிரசு, 1802இல் நீதிமன்றத்தின் கூட்டத் தவணையையே மாற்றி, ஓராண்டுக்கு மேல் அது கூடாதவாறு செய்தது. மீண்டும் கூடியபோது மார்சலின் முன் இரண்டே வழிகள் இருப்பன போல் தோன்றின. பத்திரத்தைக் கொடு என்று ஆணையிட்டால், அரசாங்கம் அதனைப் பொருட்படுத்தாது; மன்றத்திடம் படையில்லை, பணமில்லை. மனுவைத் தள்ளிவிட்டாலோ, மன்றம் அஞ்சிவிட்டது என்று நாடு நகைக்கும். பாம்பும் சாகவேண்டும், கோலும் முறியக்கூடாது.

மார்சல் கேள்விகளை வரிசைப்படுத்திய முறையில்தான் அவர் திறமை இருக்கிறது. மார்பரிக்கு அந்தப் பதவியில் உரிமை உண்டா? உண்டு. ஒப்பமும் முத்திரையும் முடிந்தபோதே நியமனம் நிறைவுற்றது. அதை மறைத்து வைத்தல் முறையன்று. உரிமையை இழந்தவருக்குச் சட்டம் துணை செய்யுமா? செய்யும். அந்தத் துணையை இந்த மன்றம் நேரே வழங்கலாமா? வழங்க இயலாது. 1789ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம், பதின்மூன்றாம் பிரிவில், அத்தகைய ஆணையைப் பிறப்பிக்கும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றத்திற்கு அளிக்கிறது. ஆனால், எவ்வகை வழக்குகள் அம்மன்றத்தில் நேரே தொடுக்கப்படலாம் என்பதை அரசியலமைப்புச் சட்டம் வரையறுத்துவிட்டது. காங்கிரசு அவ்வரையறையை விரிக்க முடியாது. சாதாரணச் சட்டமும் அரசியலமைப்பும் மோதினால், அரசியலமைப்பே நிற்கும், மற்றது செல்லாது.

தன் அதிகாரம் இல்லை என்று முதலிலேயே சொல்லி முடித்திருக்க வேண்டிய மன்றம், அரசாங்கத்தின் தவற்றை முற்றும் எடுத்துரைத்துவிட்டுக் கடைசியில் கையை விரித்தது. பதின்மூன்றாம் பிரிவுக்கு வேறு பொருள் கொண்டிருந்தால் மோதலே நேர்ந்திராது என்று வாதிடும் சட்ட அறிஞரும் உண்டு. அவ்வாதம் வலுவானதே. மார்சல் மோதலைத் தவிர்க்க விரும்பவில்லை. ஜெபர்சனுக்கோ எதிர்க்க ஒன்றும் அகப்படவில்லை. கீழ்ப்படிய மறுப்பதற்கு ஆணை என ஒன்று இருந்தால்தானே! வழக்கில் வென்றது அவருடைய அரசாங்கமே. மார்பரி அந்தப் பத்திரத்தைப் பெறவே இல்லை.

ஆயினும் இக்கருத்து மார்சலின் கண்டுபிடிப்பன்று. 1610இல் இங்கிலாந்தில், மருத்துவர் பானம் என்பவரின் வழக்கில், நாடாளுமன்றச் சட்டமும் நியாயத்திற்கு மாறானால் செல்லாது என்னும் பொருள்பட நீதிபதி எட்வர்ட் கோக் எழுதினார். இங்கிலாந்தில் அது வேர் ஊன்றவில்லை. கடல் கடந்து அமெரிக்காவில் முளைத்தது. 1787இல் வட கரோலினா மாநில நீதிமன்றம், மாநிலச் சட்டம் ஒன்றை அரசியலமைப்புக்கு முரணானது என ஒதுக்கியது. அதே ஆண்டு பிலடெல்பியாவில் உருவான கூட்டாட்சி அரசியலமைப்பில் இவ்வதிகாரம் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. அது பொருளில் அடங்கியுள்ளது என்று 1788இல் அலெக்சாந்தர் ஹாமில்டன் வாதிட்டார்.

இவற்றினும் நெருங்கிய ஊற்று ஒரு வகுப்பறையில் இருந்தது. வர்ஜீனியாவின் வில்லியம்-மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித் என்னும் ஆசான் சட்டம் கற்பித்தார். மார்சல் முறையாகப் பயின்ற சட்டக் கல்வி, 1780இல் இவரிடம் சில திங்கள் பாடம் கேட்டதே. 1782இல் அதே வித், நீதிபதியாக அமர்ந்து, சட்டமன்றமே தன் எல்லையைத் தாண்டினாலும் அரசியலமைப்பைச் சுட்டிக்காட்டி, இதற்குமேல் வராதே என்று தாம் சொல்லப்போவதாக அறிவித்தார். வித்தின் மற்றொரு மாணாக்கர் யார் தெரியுமா? ஜெபர்சன்! இளமையில் அவரிடம் பல ஆண்டு பயின்றவர். ஆளுநராய் இருந்தபோது அவருக்கு அந்த ஆசிரியப் பதவி கிடைக்க வழி செய்தவரும் அவரே. ஓர் ஆசானின் மாணாக்கர் இருவர், ஒரே கேள்விக்கு எதிரெதிர் விடை கண்டனர். அரசியலமைப்பின் முடிவான பொருளைச் சொல்லும் உரிமையை நீதிபதிகளுக்கே விட்டுவிடுவது சிலர் ஆட்சிக்கு வழி செய்யும் என்று 1820இலும் ஜெபர்சன் கடிதம் எழுதினார்.

அந்த அச்சத்தைத் தோற்றவரின் பொருமல் என்று தள்ளிவிடுதல் எளிது. 1835இல் இறக்கும்வரை தலைமை நீதிபதியாயிருந்த மார்சல், காங்கிரசின் சட்டம் எதையும் மறுமுறை வீழ்த்தவில்லை. அவ்வதிகாரம் மீண்டும் உறையிலிருந்து வெளிப்பட்டது 54 ஆண்டுகளுக்குப் பின், 1857இல். டிரெட் ஸ்காட் என்னும் கறுப்பின அடிமை, அடிமைமுறை தடுக்கப்பட்ட நிலப்பகுதியில் தாம் வாழ்ந்ததால் விடுதலை வேண்டும் என வழக்கிட்டார். தலைமை நீதிபதி ராஜர் டானியின் மன்றம், கறுப்பினத்தார் நாட்டின் குடிமக்களாக முடியாது என்றது. வடபுல நிலப்பகுதிகளில் அடிமைமுறையைத் தடுத்த 1820ஆம் ஆண்டுச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்றும் தீர்த்தது. மார்பரி இழந்தது ஒரு சிறு பதவி. ஸ்காட் கேட்டதோ தம் உடலின் உரிமை.

நீதிமன்றம் தராத விடுதலையை, தீர்ப்புக்குப் பின் அவரை உடைமையாகப் பெற்ற ஒருவர் அவ்வாண்டே அளித்தார். அத்தீர்ப்பை மாற்றி, அந்நாட்டில் பிறந்தோரைக் குடிமக்களாக ஏற்கும் பதினான்காம் திருத்தம், ஓர் உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் அரசியலமைப்பில் ஏறியது. அப்போது ஸ்காட் இறந்து பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.